கடிகாரம் உறக்கத்தை அளக்குமா?



என் மகளின் மகன் எங்கள் இல்லத்தில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்புப் படித்து வந்தான். பொதுத்தேர்வுக்குச் சில திங்கள் இருக்கையில், ஒரு நாள் காலை வாடிய முகத்துடன் வந்து என் எதிரே அமர்ந்தான். "ஏன் தம்பி, உடம்புக்கு என்ன?" என்று கேட்டேன். "நேற்று எனக்கு 58 மதிப்பெண்தான் தாத்தா" என்றான். எந்தப் பாடத்தில் என்று வினவினேன். "உறக்கத்தில்" என்று விடையிறுத்தான். முப்பத்தேழு ஆண்டுகள் ஆசிரியனாகவும் தலைமையாசிரியனாகவும் இருந்து எத்தனையோ பாடங்களுக்கு மதிப்பெண் இட்டவன் நான். உறக்கத்துக்கும் மதிப்பெண் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மதிப்பெண் இட்டது அவன் மணிக்கட்டில் இருந்த கடிகாரம். 'ஸ்மார்ட் வாட்ச்' என்று யாவரும் அழைக்கும் அதனைத் திறன் கடிகாரம் என்று இப்பேச்சில் குறிப்பிடுகிறேன். இரவு முழுவதும் அதனை அணிந்து உறங்கினால், எத்தனை மணி நேரம் உறங்கினோம், அதில் ஆழ்ந்த உறக்கம் எவ்வளவு, கனவு காணும் உறக்கம் எவ்வளவு, எத்தனை முறை விழித்தோம் என்பனவற்றையெல்லாம் காலையில் திறன்பேசியில் வரைபடமாகக் காட்டுகிறது. முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண்ணும் தருகிறது. பையன் அதோடு நிற்கவில்லை. "இது மூன்று ஆண்டுப் பழைய கடிகாரம் தாத்தா. புதிதாக வந்திருப்பது இன்னும் துல்லியமாக அளக்குமாம். வாங்கித் தருவீர்களா?" என்று கேட்டான்.

கேட்டவுடன் வாங்கித் தருவதும், கேட்டவுடன் மறுப்பதும் ஆசிரியருக்கு அழகல்ல. "முதலில் ஆராய்வோம், பிறகு முடிவு செய்வோம்" என்றேன். நாங்கள் இருவரும் ஆராய்ந்து அறிந்தவற்றையே இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் என் கடிகாரத்தைப் பற்றி ஒரு சொல். 1981இல் நான் ஆசிரியப் பணியில் சேர்ந்தபோது என் தந்தையார் எனக்கு ஓர் எச்.எம்.டி. கைக்கடிகாரம் வாங்கித் தந்தார். 1961இல் ஜப்பான் நாட்டுச் சிட்டிசன் நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கப்பெற்ற ஆலையில் உருவான கடிகார இனம் அது. நாள்தோறும் காலையில் சாவி கொடுக்க வேண்டும், கொடுத்தால் ஓடும். அந்த ஆலை மூடப்பட்டுவிட்டது. கடிகாரமோ இன்றும் ஓடுகிறது. ஆயினும், பழையது நீடித்து உழைத்தது என்பதனாலேயே புதியது வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. என் கடிகாரம் செய்த வேலை ஒன்றே ஒன்று. திறன் கடிகாரம் செய்வதாகச் சொல்லும் வேலையோ வேறு. அந்த வேலையைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும்.

கடிகாரத்துக்கும் உடலுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நம் சித்த மருத்துவர்கள் நோயாளியின் நாடியை விரலால் தொட்டு உணர்ந்தார்கள். இங்கிலாந்தில் லிச்ஃபீல்டு என்னும் ஊரில் மருத்துவம் புரிந்து வந்த சர் ஜான் ஃபிளாயர் என்பவர், நாடித் துடிப்பை எண்ணுவதற்கென்றே, சரியாக ஒரு நிமிடம் ஓடி நின்றுவிடும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்தார். அதனை விளக்கி 1707இல் ஒரு நூலும் வெளியிட்டார். அன்று மருத்துவர் கையில் இருந்த கடிகாரம் இன்று நம் கையில் வந்து அமர்ந்து தானே நாடியை எண்ணுகிறது. இதில் வியப்புண்டு, ஐயம் இல்லை. நாடியை எண்ணும் கருவி உறக்கத்தையும் எண்ண இயலுமா என்பதே நம் வினா.

இவ்வினாவுக்கு விடை காண, உறக்கத்தை விஞ்ஞானிகள் எவ்வாறு அளக்கிறார்கள் என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

உறக்கம் என்பது வெறும் ஓய்வு என்றே நெடுங்காலம் மக்கள் எண்ணியிருந்தனர். ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்னும் மருத்துவர் 1924இல் மனித மூளையில் எழும் நுண்ணிய மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929இல் அதனை உலகுக்கு அறிவித்தார். விழித்திருக்கும்போது ஒருவகையாகவும் கண்ணை மூடியிருக்கும்போது வேறொருவகையாகவும் இவ்வலைகள் அமைகின்றன என்று தெரிய வந்தது. உறங்குவோர் தலையில் இக்கருவியைப் பொருத்திப் பார்த்தபோது, உறக்கம் ஒரே சீரானதன்று, படிகள் பல உடையது என்பது புலனாயிற்று.

பின்னர் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நத்தானியல் கிளைட்மன் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ச்சி மாணவராக இருந்த யூஜின் அசெரின்ஸ்கி, உறங்கும் தம் எட்டு வயது மகனின் கண்ணருகே கருவிகளைப் பொருத்தி இரவெல்லாம் காத்திருந்தார். சிறிது நேரம் கழிந்ததும் மூடிய இமைகளுக்குள் கண்கள் விரைந்து விரைந்து அசைந்தன. பையன் விழித்துவிட்டானோ என்று போய்ப் பார்த்தால், நன்றாக உறங்கிக் கொண்டிருந்தான். அந்நிலையில் எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறினர். 1953இல் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து இதனை வெளியிட்டனர். மாணவர்களே, உறக்க ஆராய்ச்சியின் போக்கையே மாற்றிய இக்கண்டுபிடிப்பு உங்களைப் போன்ற ஒரு மாணவரின் பொறுமையால் கிடைத்தது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்று மருத்துவமனைகளின் உறக்க ஆய்வுக்கூடத்தில் ஒருவரை இரவு முழுவதும் படுக்கவைத்து ஆராய்கிறார்கள். தலையில் மூளை மின்னலைக்கு, கண்ணோரத்தில் கண்ணசைவுக்கு, மோவாயில் தசையின் இறுக்கத்துக்கு எனக் கம்பிகள் பொருத்தப்படும். மூச்சும், இதயத் துடிப்பும், இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனும் அளக்கப்படும். மறுநாள், பயிற்சி பெற்றவர் அப்பதிவை முப்பது முப்பது விநாடிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பகுதியும் விழிப்பா, இலேசான உறக்கமா, ஆழ்ந்த உறக்கமா, கனவுறக்கமா என்று குறிப்பார். இந்நிலைகள் ஏறக்குறைய 90 நிமிடங்களுக்கு ஒருமுறை சுழன்று வருகின்றன. இவ்வளவு கருவிகள் இருந்தும், ஒரே பதிவை இரு வல்லுநர்கள் தனித்தனியே குறித்தால் அவர்கள் ஒத்துப்போவது ஏறத்தாழ நூற்றுக்கு 80 இடங்களில்தான். உறக்கத்தின் படிகளைப் பிரித்தல் அத்துணை அருமையானது.

இனித் திறன் கடிகாரத்துக்கு வருவோம். அது மூளையைத் தொடுவதில்லை, கண்ணைக் காண்பதில்லை. அதற்குத் தெரிந்தது மணிக்கட்டு ஒன்றே. அங்கிருந்து இரண்டு செய்திகளைப் பெறுகிறது. ஒன்று, கையின் அசைவு. அதனை உணரும் நுண்ணிய பொறி கடிகாரத்தினுள் இருக்கிறது. மற்றொன்று, நாடித் துடிப்பு. கடிகாரத்தின் பின்புறத்தில் பச்சை ஒளி மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும் இயல்புடையது. இதயம் துடிக்கும்தோறும் மணிக்கட்டில் இரத்தம் மிகும். அப்போது திரும்பி வரும் ஒளி குறையும். இரு துடிப்புகளுக்கு இடையே இரத்தம் குறையும், ஒளி மிகும். இந்த ஏற்றத் தாழ்வை எண்ணினால் நாடித் துடிப்பு கிடைத்துவிடும்.

ஆழ்ந்த உறக்கத்தில் நாடி தணிந்து சீராக ஓடும். கனவுறக்கத்தில் அது சீர் குலையும்; கைகால்களோ தளர்ந்து கிடக்கும். இவ்வியல்புகளைக் கொண்டு, 'கை அசையவில்லை, நாடி சீராக உள்ளது. ஆகவே இது ஆழ்ந்த உறக்கமாக இருக்கலாம்' என்று கடிகாரம் ஊகிக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பதிவு செய்யப்பட்ட பல இரவுகளின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து அமைத்த விதிகளைக் கொண்டு ஊகிப்பதனால், அது குருட்டு ஊகம் அன்று. ஆயினும் ஊகமே.

இதனை என் பழைய தொழிலைக் கொண்டு விளக்குகிறேன். தலைமையாசிரியர் தம் அறையில் அமர்ந்தபடியே எந்த வகுப்பில் பாடம் நடக்கிறது என்பதை ஓசையைக் கொண்டு ஓரளவு அறிந்துகொள்வார். கூச்சல் எழுந்தால் ஆசிரியர் இல்லை. ஒரே குரல் கேட்டால் பாடம் நடக்கிறது. அமைதி நிலவினால் மாணவர் எழுதிக் கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் இது சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு நாள் அமைதியாக இருந்த வகுப்புக்குள் நுழைந்து பார்த்தேன். ஆசிரியர் வரவில்லை, மாணவர்கள் அனைவரும் மேசைக்கு அடியில் கதைப் புத்தகம் படித்துக் கொண்டிருந்தனர்! அமைதியைக் கண்டு ஒழுங்கு என்று கருதியது என் பிழை.

கடிகாரம் செய்யும் பிழையும் இத்தகையதே. உறங்குவோரை உறங்குகிறார் என்று கண்டுகொள்வதில் அது வல்லது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட இடங்களில் சரியாகவே கூறுகிறது. ஆனால் படுக்கையில் அசையாமல் விழித்துக் கிடப்போரை விழித்திருக்கிறார் என்று கண்டுகொள்வதில் மிகவும் பின்தங்குகிறது. உறக்கம் வராமல் வருந்துவோருக்குத்தான் அளவு மிகவும் வேண்டும். அவர்களிடத்திலேயே அது மிகுதியாகத் தவறுகிறது. ஆழ்ந்த உறக்கம் இத்தனை நிமிடம், கனவுறக்கம் இத்தனை நிமிடம் என்று பிரித்துக் கூறுமிடத்தில் பிழை இன்னும் கூடுதல்.

இவ்வளவும் படித்தறிந்த பிறகு, நானும் பேரனும் ஒரு சிறு சோதனை செய்தோம். பதினான்கு நாட்கள். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று. காலையில் எழுந்ததும், கடிகாரத்தைப் பார்ப்பதற்கு முன், அவன் மூன்று செய்திகளை எழுத வேண்டும்: எத்தனை மணிக்கு விளக்கை அணைத்தான், எத்தனை மணிக்கு எழுந்தான், உடலும் உள்ளமும் எப்படி இருக்கின்றன. அவற்றை எழுதிய பின்னரே கடிகாரத்தின் கணக்கைப் பார்த்து அருகில் குறிக்க வேண்டும்.

படுத்த நேரமும் எழுந்த நேரமும் இரண்டு கணக்கிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஓர் இரவு அவன் உறக்கம் வராமல், மறுநாள் வேதியியல் தேர்வை எண்ணியபடி ஒரு மணி நேரம் அசையாது படுத்திருந்தான். கடிகாரம் அதனை உறக்கம் என்றே எழுதியிருந்தது. மதிப்பெண்ணும் அவன் உணர்ச்சியும் சில நாட்களில் ஒத்தன. சில நாட்களில் முரண்பட்டன. எல்லாவற்றினும் வியப்பானது வேறொன்று. பத்தாம் நாள் நோட்டில் எழுதுவதை மறந்து கடிகாரத்தை முதலில் பார்த்துவிட்டான். அது 55 என்று காட்டியது. அன்று பகலெல்லாம் "தலை கனக்கிறது தாத்தா" என்று சொல்லிக் கொண்டிருந்தான். ஆனால் ஆறாம் நாள், நோட்டில் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிய பின்பு பார்த்தபோது, கடிகாரம் 54 என்று காட்டியிருந்தது. அன்று அவன் தலை கனக்கவில்லை!

ஒரு பையனின் பதினான்கு நாட்களைக் கொண்டு உலகத்துக்கு விதி வகுக்க இயலாது. ஆனால் 2014இல் அமெரிக்காவில் கொலராடோ கல்லூரியில் செய்த ஓர் ஆராய்ச்சி இதனோடு ஒத்துவருகிறது. அங்கே சிலரிடம், கருவிகளால் அளந்ததுபோல் காட்டி, "நேற்றிரவு உங்கள் கனவுறக்கம் சராசரிக்கு மேல்" என்றனர். வேறு சிலரிடம் "சராசரிக்குக் கீழ்" என்றனர். உண்மையில் எவருடைய உறக்கமும் அளக்கப்படவில்லை. பின்னர் அறிவுத் தேர்வுகள் நடத்தியபோது, நன்றாக உறங்கியதாகச் சொல்லப்பட்டோர் மற்றவரினும் நன்றாகச் செய்தனர். எண் ஒன்றைக் கேட்ட அளவில் மனம் அதற்கேற்ப நடக்கத் தொடங்கிவிடுகிறது.

2017இல் அமெரிக்க மருத்துவர் சிலர் இந்நிலைக்கு ஒரு பெயரே இட்டனர்: 'ஆர்த்தோசோம்னியா'. குறையற்ற உறக்கக் கணக்குப் பெற வேண்டும் என்னும் கவலையால் உறக்கம் கெடுதல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். ஆய்வுக்கூடத்தில் ஆழ்ந்த உறக்கம் பதிவாகியிருக்கிறது என்று சொன்ன பின்பும், "அப்படியானால் என் கருவி நான் சரியாக உறங்கவில்லை என்று ஏன் காட்டுகிறது?" என்று ஒருவர் கேட்டதாக அம்மருத்துவர்கள் எழுதியுள்ளனர். மதிப்பெண்ணுக்காகப் படிப்பவன் பாடத்தை இழப்பது போல, மதிப்பெண்ணுக்காக உறங்குபவன் உறக்கத்தை இழக்கிறான்.

இவ்வளவு கூறியதனால் இக்கருவி பயனற்றது என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். நடுநிலையோடு அதன் நன்மைகளையும் எடுத்துரைத்தல் கடமை.

முதலாவது நன்மை, மறைக்காமல் சொல்லும் சாட்சியாக அது இருப்பது. "நான் பதினொரு மணிக்கெல்லாம் படுத்துவிடுகிறேன்" என்று நாம் நம்பிக் கொண்டிருப்போம். திங்கள் ஒன்றின் கணக்கைப் பார்த்தால் பெரும்பாலான நாட்களில் நள்ளிரவு கடந்திருக்கும். நோட்டுப் புத்தகம் எழுதச் சோம்புவோருக்குக் கடிகாரம் எழுதி வைக்கிறது.

இரண்டாவது நன்மை பெரியது. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் ஒன்று உண்டு. தொண்டையின் தசைகள் தளர்ந்து மூச்சுக் குழலை அடைக்கும்; பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்கும்; பிறகு திணறலோடு மீளும். இது ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறையும் நிகழலாம். உறங்குபவருக்கோ ஒன்றும் தெரியாது. பகலில் அயர்வும், காலப்போக்கில் இரத்த அழுத்தமும் இதயத் துன்பமும் வந்து சேரும். என்னோடு பணியாற்றிய நண்பர் ஒருவருக்கு இந்நோய் இருந்தது. ஆசிரியர் அறையில் அவர் அமர்ந்தபடியே உறங்கிவிடுவார், நாங்கள் நகைப்போம். அவருடைய துணைவியார்தாம் ஓர் இரவு விழித்திருந்து, மூச்சு நிற்பதைக் கண்டு அஞ்சி, மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். நாங்கள் நகைத்தது நோயைக் கண்டு என்பதை எண்ணும்போது இன்றும் வெட்கமாக இருக்கிறது.

இந்நோயின் அறிகுறிகளைக் கண்டு எச்சரிக்கும் வசதிக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் சாம்சங் கடிகாரத்திலும், 2024 செப்டம்பரில் ஆப்பிள் கடிகாரத்திலும் இசைவு அளித்தது. முன்னது இரத்த ஆக்சிஜனின் ஏற்றத் தாழ்வைக் கொண்டும், பின்னது மூச்சோடு ஒட்டிய நுண்ணிய அசைவுகளை முப்பது நாட்கள் தொகுத்தும் கணிக்கின்றன. தனித்து வாழ்வோருக்கு, குறட்டை மிகுந்து பகலில் அயர்வோருக்கு, இது பேருதவி. ஆயினும் இரண்டு வரம்புகளை மறவாதீர்கள். இவ்வசதி பெரியவர்களுக்கென அமைந்தது. மேலும், எச்சரிக்கை என்பது நோய் உண்டு என்னும் முடிவன்று. எச்சரிக்கை வராமை நோய் இல்லை என்னும் சான்றும் அன்று. இத்தகைய கருவிகள் மருத்துவ ஆராய்ச்சிக்கு மாற்று ஆகா என்று அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018இலேயே அறிவித்தது.

அடுத்து, பையன் கேட்ட கேள்விக்கு வருவோம். பழைய கடிகாரம் இருக்கப் புதிது வாங்கலாமா?

இதற்கு ஒரு சான்று பாருங்கள். ஆப்பிள் கடிகாரத்தில் உறக்கத்தின் படிகளைப் பிரித்துக் காட்டும் வசதி 2022இல் வந்தது. அதற்காகப் புதுக் கடிகாரம் வாங்க வேண்டியிருக்கவில்லை. மென்பொருளைப் புதுப்பித்துக் கொண்டதும், 2018இல் வெளிவந்த கடிகாரத்துக்கும் அவ்வசதி கிடைத்துவிட்டது. ஆனால் 2024இல் வந்த மூச்சுத் தடை எச்சரிக்கையோ 2018இன் கடிகாரத்துக்குக் கிடைக்கவில்லை. 2023இலும் அதன் பின்னும் வெளிவந்தவற்றுக்கே கிடைத்தது. ஆகவே புதியது எல்லாம் வேண்டும் என்பதும் தவறு. புதியது எதுவும் வேண்டா என்பதும் தவறு. மூன்று வினாக்களைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

முதல் வினா: புதிய கடிகாரம் எந்தக் கேள்விக்கு விடை தரும்? அக்கேள்வி எனக்கு உண்மையாகவே உண்டா? இரண்டாம் வினா: அவ்விடையைக் கொண்டு நான் நாளை என்ன செய்வேன்? 'ஆழ்ந்த உறக்கம் 52 நிமிடம்' என்று அறிந்தால், அதனை 70 ஆக்கும் பொத்தான் எதுவும் நம்மிடம் இல்லை. நம் கையில் இருப்பவை படுக்கும் நேரம், எழும் நேரம், மாலையில் அருந்தும் காப்பி, படுக்கையில் ஒளிரும் திறன்பேசி ஆகியவையே. மூன்றாம் வினா: பழையதில் கெட்டுப்போனது எது? மின்கலம் மட்டும் தளர்ந்திருந்தால் மின்கலத்தை மாற்றிக் கொள்ளலாம். மென்பொருளை வெளியிடுவோர் கைவிட்ட கடிகாரமாயின் மாற்றுவதற்கு நியாயம் உண்டு.

வேண்டாதபோது மாற்றுவதால் இழப்பது பணம் மட்டும் அன்று. 2022ஆம் ஆண்டில் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன். அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் வந்தது நூற்றுக்கு 22 பங்கே. மேசை அறைக்குள் நாம் எறியும் பழைய கடிகாரமும் என்றோ ஒரு நாள் அக்குவியலில் போய்ச் சேரும்.

இந்த மூன்று வினாக்களையும் பேரனிடம் கேட்டேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்தான். பிறகு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டி, "தாத்தா, இதைப் பாருங்கள்" என்றான். படுக்கும் நேரம் என்னும் வரிசையில் 12.15, 12.40, 1.00, 12.30 என்று இருந்தது. எழுந்த நேரம் எல்லா நாளும் 5.00. கடிகாரமும் அதையேதான் சொல்லியிருந்தது. துல்லியம் என்று அவன் தேடிச் சென்ற பொருள் பழைய கடிகாரத்திலேயே இருந்தது. நான்கரை மணி நேரம் உறங்கும் பிள்ளைக்கு அதில் எத்தனை நிமிடம் ஆழ்ந்த உறக்கம் என்று கணக்குப் பார்ப்பது, பட்டினி கிடப்பவனுக்கு உணவில் உப்பின் அளவைச் சோதிப்பது போலாகும்.

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரையின்படி 13 முதல் 18 வயது வரை உள்ளோருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும். பெரியவர்களுக்கு 7 மணி நேரமேனும் வேண்டும். இளமையில் உடலுக்குள் இயங்கும் நாட்கடிகாரம் சற்றுப் பின்தள்ளிப் போகிறது. ஆகவே முன்னிரவில் உறக்கம் எளிதில் வருவதில்லை, விடியலில் எளிதில் கலைவதும் இல்லை. இதனைச் சோம்பல் என்று பெரியோர் கருதுவது தவறு. கலிஃபோர்னியா மாநிலத்தில் பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரை மணிக்கு முன் தொடங்கக் கூடாது என்னும் சட்டம் 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது இது பற்றியே.

இங்கே நான் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தலைமையாசிரியனாக இருந்தபோது, பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்குக் காலை ஆறு மணிக்குத் தனி வகுப்பு வைத்தேன். இரவு எட்டு மணி வரை படிப்பு நேரம் வைத்தேன். "நான்கு மணிக்கு எழுந்து படி" என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! முதல் வரிசையில் அமர்ந்து தலை சாய்த்தவனை எழுப்பி நிற்க வைத்ததும் உண்டு. பகலில் கற்றதை மனத்தில் நிலைபெறச் செய்யும் பணி உறக்கத்தில்தான் பெரிதும் நடக்கிறது என்று இன்று விஞ்ஞானம் கூறுகிறது. விதைத்த பின் மண்ணை மூட நேரம் தராமல் மீண்டும் மீண்டும் விதைத்தவன் போல் நான் நடந்திருக்கிறேன். அப்பிள்ளைகளின் கையில் திறன் கடிகாரம் இருந்திருந்தாலும் பயன் என்ன? குறை நான் வகுத்த கால அட்டவணையில் அன்றோ இருந்தது!

அன்று மாலையே வீட்டில் அனைவரும் கலந்து பேசினோம். விடியற்காலைத் தனிப்பயிற்சி ஒன்றை நிறுத்தினோம். இரவு பத்தரை மணிக்குப் புத்தகமும் திறன்பேசியும் கூடத்து மேசைக்கு வந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். என் திறன்பேசியும் அதில் அடக்கம். முதல் வாரம் அவனுக்கு உறக்கம் வரவில்லை, புரண்டு கிடந்தான். பாடம் முடியாமல் போகுமோ என்று என் மகள் தொலைபேசியில் கவலைப்பட்டாள். இரண்டாம் வாரத்திலிருந்து ஆறு மணிக்கு யாரும் எழுப்பாமலேயே எழத் தொடங்கினான். கடிகாரத்தைப் பகலில் அணிகிறான். இரவில் கழற்றி வைத்துவிடுகிறான். புதிய கடிகாரப் பேச்சு பிறகு எழவில்லை.

தேர்வில் அவன் எத்தனை மதிப்பெண் பெற்றான் என்று அறிய நீங்கள் ஆவலாக இருப்பீர்கள். அதனை நான் சொல்லப் போவதில்லை. ஒருவன் பெற்ற மதிப்பெண்ணைக் கொண்டு உறக்கத்தின் பயனை நிறுவுவது, ஓர் எண்ணைக் கொண்டு ஓர் இரவை மதிப்பிடுவது போன்ற பிழையே ஆகும்.

மாணவர்களே, நீங்களும் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம். கடிகாரம் இருப்பவர்கள் கடிகாரத்தோடு செய்யுங்கள். இல்லாதவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு மட்டும் செய்யுங்கள். ஒன்றும் குறையாது. படுத்த நேரம், எழுந்த நேரம், எழுந்தபோது இருந்த நிலை என மூன்று வரிசை இடுங்கள். பதினான்கு நாட்கள் எழுதுங்கள். கடிகாரம் சொல்வதற்கு முன் உங்கள் உடல் சொல்வதைக் கேட்டு எழுதுங்கள். நாள்தோறும் போதிய நேரம் படுக்கையில் இருந்தும் அயர்வு நீங்காவிட்டால், மூச்சுத் திணறலோ பெருங்குறட்டையோ உண்டு என்று உடன் இருப்பவர் சொன்னால், மருத்துவரிடம் செல்லுங்கள். பதினான்கு நாட்களின் கூட்டல் கணக்கு எட்டு மணிக்கும் குறைவான சராசரியைக் காட்டினால், அந்த ஏட்டைப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் காட்டுங்கள். உங்கள் கால அட்டவணையை வகுப்பவர்கள் அவர்களே; அவர்கள் பார்க்க வேண்டிய கணக்கு அது.